டெட் கேன் டான்ஸின் ‘அனஸ்டாசிஸ்’: யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். டெட் கேன் டான்ஸ் என்ற இசைக்குழுவின் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றாலும் இந்த சீடியிலிருந்தே தொடங்கலாம். தேடிப் பார்த்தால் ‘எண்பதுகளில் வந்த தட்டுகளைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் இதுக்கு வரவேண்டும்’ என்று சொல்கிறவர்கள் கனபேர் இருப்பார்கள். நான் அதோடு ஒத்துப்போகவில்லை. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குள் போகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘அனஸ்டாசிஸ்’ 2012 ஓகஸ்ட்டில் வெளிவந்தது. அதற்கு முந்திய ஸ்ரூடியோ தட்டு 1996 இல். நடுவில் 16 வருடம். அந்த 16 வருடத்துக்குள் ஒரு பிரிவு, ஆளுக்கொரு தனிவழி, 2005 இல் கொஞ்சக் காலத்துக்கு மட்டும் ஒரு சேர்க்கை, திரும்பவும் பேச்சுமூச்சில்லை. இவ்வளவும் நடந்து முடிந்தபிறகு வந்த எட்டுப் பாட்டு இது. மொத்தம் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய. ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற பாட்டு ஒன்றுகூட இல்லை, அவசரத்தில் கேட்கிறவர்களுக்கு ஒத்துவராது.

குழு என்று சொன்னாலும் உண்மையில் இரண்டு பேர். பிரெண்டன் பெரி லண்டனில் பிறந்து, குடும்பத்தோடு நியூசிலாந்து போய், ஓக்லண்டில் த ஸ்கவெஞ்சர்ஸ் என்ற பங்க் குழுவில் பேஸ் கிற்றார் வாசித்து, பிறகு அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். லிசா ஜெராட் மெல்பேர்ணில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர், கிரேக்கரும் துருக்கியரும் பக்கத்து வீடுகளில் இருந்த தெருக்களில் அவர்களுடைய பாட்டுகள் காதில் விழ விழ வளர்ந்தவர். 1981 இல் மெல்பேர்ணில் குழு தொடங்கியது. அடுத்த வருடமே லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்கள். கிழக்கு லண்டனில், ஐல் ஒஃப் டோக்ஸ் பக்கம், ஏழைகளுக்கான அடுக்குமாடி ஒன்றில் கையில் காசில்லாமல் இருந்துகொண்டுதான் ஐவோ வாட்ஸ்-ரஸலின் 4ஏடி கொம்பனிக்குப் பாட்டு அனுப்பினார்கள். அந்தக் காலத்து 4ஏடி என்றாலே கொக்டோ ட்வின்ஸும் இவர்களும்தான் எனக்கு. அவர்கள் தொடங்கின போஸ்ட்-பங்க் என்பது பங்கின் கோபம் அடங்கி, வேகம் குறைந்து, இருட்டும் எதிரொலியும் கூடின இசை. அதிலும் குரலையும் எதிரொலியையும் முன்னால் வைத்து, தரையில் கால் படாத மாதிரி ஒலித்த கிளையை இந்த இரண்டு குழுக்களும்தான் வளர்த்தெடுத்தன.

பெயரைப் பார்த்துவிட்டுப் பேய்ப்பாட்டு என்று நினைக்கவேண்டாம். 1984 இல் வந்த முதல் தட்டின் அட்டையில் பப்புவா நியூகினியின் சடங்கு முகமூடி ஒன்று இருக்கிறது. ஒருகாலம் மரமாக நின்று, வெட்டுப்பட்டு உயிர் போன கட்டை, ஆடுகிற மனுசன் முகத்தில் ஏறினதும் திரும்ப உயிர்கொள்கிறது. அதுதான் எண்ணம் என்று அவர்களே விளக்கியிருக்கிறார்கள். காத்தவராயன் கூத்துக்கு முடிகட்டி ஆடுகிறவர்களை விடிய விடியப் பார்த்த ஊருக்கு இது விளங்காத விசயமில்லை.

அந்த முதல் தட்டு எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. பாட்டுகள் நல்லவைதான், பதிவு கலங்கல். கிற்றாரும் ட்ரம்மும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும், லிசாவின் குரல் அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். 1985 இல் வந்த ‘ஸ்ப்ளீன் அன்ட் ஐடியல்’ இலேயே கிற்றாரை ஓரம்கட்டிவிட்டு ட்ரம்போன், செலோ, பெரிய முரசு என்று போகத் தொடங்கிவிட்டார்கள். 1987 இல் ‘விதின் த றெல்ம் ஒஃப் எ டையிங் சன்’. அட்டையில் பாரிஸ் பேர் லஷேஸ் மயானத்து ரஸ்பாய் குடும்பக் கல்லறை, முக்காடு போட்ட பெண்ணுருவம் ஒன்று கம்பிக்கூட்டைப் பிடித்தபடி. அந்தத் தட்டின் முதல் பக்கம் முழுக்க பிரெண்டன் பாடுகிறார், மற்றப் பக்கம் முழுக்க லிசா. ஒரே தட்டில் இருவரும் ஆளுக்கொரு அறையில். இதை நினைவில் வையுங்கள், ‘அனஸ்டாசிஸ்’ இன் ஏழாவது பாட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

1988 இல் வந்த ‘த சேர்ப்பென்ட்ஸ் எக்’ இன் முதல் பாட்டு ‘த ஹோஸ்ற் ஒஃப் செரஃபிம்’. அதை எல்லாருக்கும் தெரிய வைத்தது 1992 இல் வந்த ‘பராக்கா’ என்ற வசனமே இல்லாத ஆவணப்படம். ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு ஓர்கன் நிற்க, அதுக்கு மேலே லிசாவின் குரல் ஏறும். சொல் இல்லை. எந்த மொழியும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவர் அப்படித்தான் பாடுகிறார், தனக்குள் வருகிற ஒலிகளை வைத்துக்கொண்டு. வெளிநாட்டுக்காரர் இதைப் பெரிய அதிசயமாகச் சொல்லுவார்கள். நல்லூர்த் திருவிழா இரவுகளில் சாமி வெளிவீதி சுற்றி முடியும் மட்டும் நாதஸ்வரத்தில் ஒரே இராகத்தை விரித்துக்கொண்டு போவதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, சொல் இல்லாமல் ஒரு மணித்தியாலம் இசை போவது புதுசே இல்லை. அதனால்தான் இந்தக் குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் இன்னும் நிறையக் காதுகள் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். குழு தொடங்கிய 1981, எங்கள் நூலகம் எரிந்த வருடம். 1990 இல் மத்தியகாலத்து ஐரோப்பிய இசையை எடுத்து ‘அயோன்’ என்ற தட்டை அவர்கள் செய்தபோது குடாநாட்டில் கரண்ட் போயிருந்தது. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஆள் மாறி ஆள் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. 1993 இல் வந்த ‘இன்ரு த லபிரிந்த்’ ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்றது, அதில் ஒன்றுகூட இந்தப் பக்கம் வந்திருக்காது. ரெக்கோடிங் பார்களில் கசெற் அடித்துக் கேட்டதெல்லாம் சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, எங்கட பொப் பாட்டு. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே வெளிக்கிட்டது. அவர்களுடைய கடைசித் தட்டாக அப்போது இருந்த ‘ஸ்பிரிட்சேஸர்’ வந்த 1996 இல், போன சனம் திரும்பி வந்து வீடு வீடாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆக, அவர்கள் பாடிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு அவர்களைத் தெரியாது. பிரிந்ததும் தெரியாது. எனக்கு இந்தப் பெயர் தெரியவந்ததே போர் முடிந்து பாதை திறந்த பிறகு, ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன், அண்ணா, தன் ஃபோனில் வைத்திருந்த பாட்டுகளை என் கணினியில் இறக்கிவிட்டுப் போனபோதுதான். அவர் இறக்கின வரிசையில் முதலாவதாகக் கிடந்தது ‘அனஸ்டாசிஸ்’. அதை முதலில் கேட்டேன், பழையவை எல்லாம் பிறகுதான். ஐரோப்பாவில் பத்தொன்பது வயதில் ஓர் எல்பியோடு அழுதவர்களுக்கு இந்த மீள்வருகைத் தட்டைக் கேட்கும்போது தங்கள் பத்தொன்பது வயதும் சேர்ந்து கேட்கும். எனக்கு அந்தச் சுமை இல்லை. அப்படிக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், இது அவர்களுடைய நல்ல தட்டுகளில் ஒன்று, ‘மீண்டும் சேர்ந்தவர்கள் செய்தது’ என்று சலுகை கொடுத்துச் சொல்லவில்லை.

பிரிவைப் பற்றிக் கொஞ்சம். காதலர்களாக இருந்தவர்கள், 1980களின் கடைசியில் அந்த உறவு முடிந்தது. லிசா அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பினார், பிரெண்டன் அயர்லாந்தின் கவன் மாவட்டத்தில் குவிவி என்ற இடத்திலுள்ள பழைய தேவாலயம் ஒன்றை எடுத்து ஸ்ரூடியோ ஆக்கினார். ஒரே குழுவை வைத்துக்கொண்டு உலகத்தின் இரண்டு முனைகளில் இருந்தபடி 1990களில் அவர்கள் தட்டுச் செய்தது உண்மையிலேயே பெரிய காரியம். 1998 இல் அடுத்த தட்டுக்கு வேலை தொடங்கி இடையில் நின்றுபோனது, குழுவும் அதோடு முடிந்தது. மிஞ்சின ஒரு பாட்டு 2001 இல் வந்த தொகுப்புப் பெட்டிக்குள் போனது, அவ்வளவுதான்.

பிறகு லிசா சினிமாவுக்குப் போனார். 2000 இல் வந்த ‘கிளாடியேற்றர்’ படம் பார்த்திருந்தால் அவருடைய குரலை நீங்கள் ஏற்கனவே கேட்டிருக்கிறீர்கள், வயற்கதிர்களில் கை உரசிக்கொண்டு போகிற அந்தக் கட்டம் ஞாபகம் வருகிறதா, அந்தப் படத்தின் குரல் இவருடையதுதான். ஹான்ஸ் சிம்மரோடு சேர்ந்து அதுக்கு கோல்டன் குளோப் விருதும் வாங்கினார். ‘த இன்சைடர்’, ‘வேல் றைடர்’ என்று இன்னும் பல. பிரெண்டன் 1999 இல் ஒன்று, 2010 இல் ‘ஆர்க்’ என்று ஒன்று, தனித்தட்டுகள் செய்தார். ‘ஆர்க்’ முக்கியம், ஏனென்றால் ‘அனஸ்டாசிஸ்’ இல் கேட்கிற மெதுவான மின்னணுத் தாளமும் அடர்ந்த தந்தி ஒலிகளும் அங்கேயே இருக்கின்றன.

2005 சேர்க்கையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கச்சேரி செய்தார்கள், ஒவ்வொரு இரவுக் கச்சேரியையும் பதிந்து குறைந்த எண்ணிக்கையில் சீடியாக விற்றார்கள். புதுத் தட்டு வரவில்லை. அதோடு கலைந்துவிட்டார்கள். 2011 இல் திரும்பவும் அறிவித்தபோது இந்தமுறை தட்டோடுதான் வந்தார்கள், 4ஏடியில் இல்லை, பியாஸ் கொம்பனியில். பதிவு அதே குவிவி தேவாலயத்தில்.

சரி, தட்டுக்கு வருவோம்.

அட்டையில் ஒரு சூரியகாந்தி வயல். பூக்கள் எல்லாம் காய்ந்து கறுத்துத் தலைகவிழ்ந்து நிற்கின்றன. முதற்பார்வைக்குச் செத்த வயல், ஆனால் அந்தக் கறுத்த தலைக்குள்தான் விதை இருக்கிறது. முதல் பாட்டு ‘சில்ட்ரன் ஒஃப் த சன்’ அந்த வயலிலிருந்தே தொடங்குகிறது. ஏழு நிமிடத்துக்கு மேல். மெதுவான, கனத்த அடி, அதுக்கு மேல் தந்திகள், பிறகு பித்தளை ஊதுகருவிகள் எழும்ப, பிரெண்டன் மனுசர் கடலிலிருந்து வந்த கதையை நின்று நிதானமாகச் சொல்லுவார். அவருடைய குரல் எண்பதுகளில் இருந்ததைவிட இப்போது நல்லாயிருக்கிறது. அப்போது கொஞ்சம் வலிந்து கனமாக்கிப் பாடுவார். ஐம்பதைத் தாண்டின பிறகு கனம் தானாகவே வந்துவிட்டது, முயற்சி தெரியவில்லை. அந்த ஒரு மாற்றத்துக்காகவே பழசை விடுங்கள் இதைக் கேளுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் லிசாவுடையவை, ‘அனபாஸிஸ்’, ‘அகாபே’. இரண்டாவதில் அவர் கீழ்ஸ்தாயியிலேயே நிற்கிறார். மூன்றாவதில் எகிப்திய, அரபுப் பக்கத்து வயலின் கூட்டமும் கைமுரசும். நல்ல பாட்டுகள், ஆனால் இரண்டும் அடுத்தடுத்து ஒரே நடையில் வருவதால் முதல்முறை கேட்கும்போது எது எங்கே முடிந்தது என்று பிடிபடாது.

நாலாவது ‘அம்னீசியா’. பிரெண்டன். இதைப் பற்றி இந்த ஊரிலிருந்து எழுதுகிறவன் கொஞ்சம் நின்றுதான் ஆகவேண்டும். மறதியைப் பற்றின பாட்டு, ஒரு ஆளுடைய மறதி இல்லை, ஒரு கூட்டத்தின் மறதி. கடந்தகாலம் கையைவிட்டுப் போனவர்கள் வருங்காலத்தை எதை வைத்துத் திட்டமிடுவார்கள் என்ற கேள்விதான் அதன் நடு. பியானோ ஒரே சின்ன வரியை விடாமல் வாசித்துக்கொண்டிருக்க அவர் கோபமே இல்லாமல் கேட்கிறார், அந்த அமைதிதான் உறைக்கிறது. ஓலைச்சுவடிகளும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் ஒரே இரவில் சாம்பலான கட்டடத்தைத் திருத்தி வெள்ளையடித்துத் திறந்து வைத்திருக்கிற நகரம் இது. அந்தப் பாதையால் போய்வந்துகொண்டு இந்தப் பாட்டைக் கேட்கிறபோது, எங்கோ அயர்லாந்துத் தேவாலயத்தில் இருந்து எழுதின மனுசனுக்கு எங்களைத் தெரியாது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. கூட்டாகப் பாடுகிற பாட்டு இல்லை, தனியாகக் கேளுங்கள்.

‘கிக்கோ’ எட்டு நிமிடம். தட்டின் உச்சம் என்று நான் சொல்வது இதைத்தான். முதல் பாதியில் லிசாவின் குரல் பல அடுக்காக, ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்லிக்கொண்டு. ஹெட்போனில் கேட்டால் இடது காதில் ஒரு லிசா மூச்செடுக்கிறபோது வலது காதில் மற்ற லிசா பிடித்துக்கொள்வது தெரியும். நடுவில் ஒரு இடத்தில் குரல் ஒதுங்க, பூசூக்கிச் சாயலில் ஒரு தந்திக்கருவி முன்னுக்கு வந்து, கிரேக்கத் தெருக்களின் பழைய பாட்டுகளை நினைவுபடுத்துகிற மாதிரி ஒரு வரியைத் திருப்பித் திருப்பி வாசிக்கும். மெல்பேர்ணில் கிரேக்கர் வீட்டு யன்னலால் வந்த பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஐம்பது வயதில் அந்த இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றும். என் சொந்த வாசிப்புத்தான், அவர்கள் அப்படிச் சொன்னதாக எடுக்கவேண்டாம்.

‘ஓப்பியம்’ பிரெண்டனின் பாட்டு. எந்தப் பாதையையும் தெரிவுசெய்ய முடியாமல் நிற்கிற மனுசனின் நிலை. தாளம் வட்டமாகச் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத் தவில் வாசிக்கிற என் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். கதிரைக் கையில் விரலால் தட்டிக்கொண்டே முழுதையும் கேட்டார்.

“தம்பி, இது சுத்திக்கொண்டே இருக்கு. தீர்மானம் ஒண்டும் வைக்கேல்லையே?”

“இவை வைக்கமாட்டினம் மாமா.”

“அப்ப ஆர் முடிக்கிறது?”

“குரல்தான்.”

“ம். திருப்பி ஒருக்காப் போடு பாப்பம்.”

தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டுக் காது பழகின மனுசன், கணக்கு இல்லாத தாளத்தை இலேசில் மதிக்கமாட்டார். இரண்டாவது தரம் கேட்டபிறகு அவர் சொன்னது, ‘அடிக்கிறவன் பொறுமைசாலி’. அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கேயும் வாசிக்கவில்லை. அவசரப்படாமல், காட்டிக்கொள்ளாமல், பாட்டு எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு நேரம் நிற்பது இந்தத் தட்டு முழுக்க இருக்கிற குணம்.

இப்போது ஏழாவது, ‘றிற்றேர்ன் ஒஃப் த ஷீ-கிங்’. குழலும் சுருதியுமாக ஐரிஷ் பக்கத்துச் சாயலில் தொடங்கும். லிசா பாடுகிறார், கன நேரம் அவர் மட்டும்தான். முதல் ஆறு பாட்டிலும் பார்த்தீர்கள் என்றால் ஒன்று அவர், இல்லையென்றால் இவர், 1987 தட்டில் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்ட அதே ஏற்பாடு, அடுக்கின விதம்தான் வேறு. இந்தப் பாட்டின் பிற்பகுதியில், இனி முடியப்போகிறது என்று நினைக்கிற நேரத்தில், பிரெண்டனின் குரல் கீழிருந்து வந்து சேரும். பெரிய அறிவிப்பு ஒன்றும் இல்லை. அவருடைய குரல் கீழே நிற்க, லிசாவின் குரல் அதன்மேல் ஏறும், இரண்டும் ஒன்றாகப் போகும். 1998 இல் கலைந்து, 2005 இல் சேர்ந்து, திரும்பக் கலைந்தவர்கள் இங்கேதான் உண்மையில் சேர்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்ததையோ கச்சேரிச் சீட்டு விற்றதையோ நான் மீள்சேர்க்கை என்று எண்ணமாட்டேன், இந்தச் சில நிமிடங்களைத்தான் எண்ணுவேன். முதல்முறை கேட்டபோது பழைய தட்டுகள் எதையும் எனக்குத் தெரியாது, இவர்கள் யார், ஏன் பிரிந்தார்கள் என்றும் தெரியாது. அப்படியிருந்தும் அந்த இடத்தில் நெஞ்சு நிறைந்தது. வரலாறு தெரியாதவனையும் பிடிக்கிற அளவுக்கு அந்தச் சேர்க்கை இசைக்குள்ளேயே இருக்கிறது.

கடைசிப் பாட்டு ‘ஓல் இன் குட் ரைம்’ எனக்குத் தேவையில்லாத ஒன்று. பிரெண்டன் மட்டும், மிக மெதுவாக. கெட்ட பாட்டு இல்லை, ஆனால் ஏழாவது பாட்டுக்குப் பிறகு அது எங்கே போய் நிற்பது? நான் பெரும்பாலும் ஏழோடு நிறுத்திவிடுகிறேன்.

குறைகள் இன்னும் இரண்டு இருக்கின்றன, அதை மறைக்க விருப்பமில்லை. ஒன்று, தந்திகளும் ஊதுகருவிகளும் பெரும்பாலும் கணினியில் இருந்து எடுத்த ஒலிகள். பிரெண்டன் அதைக் கெட்டித்தனமாகச் செய்திருக்கிறார், ஆனாலும் வில் தந்தியில் உரசுகிற சத்தம், ஊதுகிறவரின் மூச்சு, இப்படியான சின்னச் சின்ன அழுக்குகள் இல்லை. 1993 இல் கலிபோர்னியாவில் மேடையில் பதிந்து 1994 இல் வெளியிட்ட ‘ருவேர்ட் த விதின்’ ஐக் கேட்டுவிட்டு இதைப் போட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், அதில் கருவிகள் எல்லாம் ஆட்களின் கையில் இருக்கின்றன, லிசா யாங்சின் என்ற கருவியின் தந்திகளைக் குச்சியால் தட்டுவதுகூடக் கேட்கும். மற்றது, வேகம். எட்டுப் பாட்டும் ஏறத்தாழ ஒரே நடை. எண்பதுகளின் தட்டுகளில் ஒரு பாட்டு இரண்டு நிமிடத்தில் வெட்டி நிற்கும், அடுத்தது வெடித்துக்கொண்டு வரும். ‘அயோன்’ இல் பதினாலாம் நூற்றாண்டு இத்தாலிய நடனமெட்டு ஒன்று துள்ளிக்கொண்டு வந்துவிட்டுப் போகும். அந்தத் துள்ளல் இதில் இல்லை. வேண்டும் என்றே விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் தட்டுக்கு அது ஒரு இழப்புத்தான்.

எப்படி வாங்குவது, எதில் கேட்பது என்ற விசயத்துக்கு வருகிறேன். சீடி போதும். இரட்டை எல்பியாகவும் வந்திருக்கிறது, ஒலி வடிவாகத்தான் இருக்கும், ஆனால் எங்கட சித்திரை வெக்கையில் எல்பியை வளையாமல் வைத்திருக்க வசதி இருந்தால் மட்டும் அதுக்குப் போங்கள். வெளிநாட்டிலிருந்து ஆர் வந்தாலும் பெட்டிக்குள் ஒரு சீடிக்கு இடம் இருக்கும், சொல்லிவிட்டால் சரி. அண்ணா அடுத்தமுறை வந்தபோது எனக்கு அப்படித்தான் கொண்டுவந்து தந்தார், கணினியில் கிடந்த கோப்புக்கும் சீடிக்கும் வித்தியாசம் முதல் பாட்டின் முதல் அடியிலேயே தெரிந்தது. இப்போது எல்லா இசைச் செயலிகளிலும் யூரியூப்பிலும்கூடக் கிடைக்கிறது, வாங்குவதற்கு முன் அங்கே ‘கிக்கோ’வையும் ‘றிற்றேர்ன் ஒஃப் த ஷீ-கிங்’ ஐயும் கேட்டுப்பாருங்கள். ஒன்று மட்டும், ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் தயவுசெய்து வேண்டாம். இந்தத் தட்டின் பாதி கீழ்ஸ்தாயியில் இருக்கிறது, பிரெண்டனின் முரசும் லிசாவின் குரலின் அடிப்பாகமும். ஃபோனில் அது முழுக்கக் காணாமல் போய்விடும், மிஞ்சுவது ஒரு மெல்லிய அழுகைச் சத்தம் மட்டும்தான். அப்படிக் கேட்டுவிட்டு ‘இது என்ன செத்தவீட்டுப் பாட்டு’ என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். சாதாரண விலையில் வருகிற, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று போதும். மத்தியானத்தில் வேண்டாம், ஒலிபெருக்கியும் ஓட்டோ ஹோனும் சேர்ந்து ஏழு நிமிடப் பாட்டை ஏழு துண்டாக்கிவிடும். இரவு ஒன்பதுக்குப் பிறகு ஊர் அடங்கினபிறகு போடுங்கள்.

பிடித்துப்போனால் அடுத்தது எது என்றும் கேட்பீர்கள். 2013 இல் வந்த ‘இன் கொன்சேர்ட்’ மேடைப்பதிவு. இந்தப் பாட்டுகளே உயிருள்ள ஆட்களின் கையில் கிடைக்கின்றன, நான் மேலே சொன்ன கணினி ஒலிக் குறை அதில் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. பிறகு ‘ருவேர்ட் த விதின்’. அதுக்குப் பிறகு ‘இன்ரு த லபிரிந்த்’, அதிலே பழைய ஐரிஷ் பாட்டு ஒன்றை எந்தக் கருவியும் இல்லாமல் லிசா தனியாகப் பாடுகிறார், இந்தமுறை சொற்களோடு, ஆங்கிலத்தில், அதைத் தவறவிடவேண்டாம். பிறகு மெல்ல 1988, 1987 என்று பின்னுக்குப் போங்கள். முதல் தட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்குக் கேட்டால் எண்பதுகளின் இருட்டுக்குள் போகும்போதே அங்கே எது முளைக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்தக் கலங்கல் பதிவுக்குள்ளும் குரல் எங்கே இருக்கிறது என்று காது தானே தேடிப் பிடிக்கும்.

2018 இல் வந்த ‘டயோனிசஸ்’ பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அது இரண்டு அங்கமாக, கூத்து மாதிரி அமைந்த தட்டு, அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. குரல்கள் கூட்டத்துக்குள் கரைந்துவிடுகின்றன, பிரெண்டனும் லிசாவும் தனித்தனியாக முகம் காட்டுவது குறைவு. எனக்குப் பிடிக்கும், ஆனால் ‘அனஸ்டாசிஸ்’ க்கு முன்னால் அதை வாங்கவேண்டாம்.